நடைபாதை மேசைக்குக் ‘கன்கரன்சி விலக்கு’ உண்டாம். அப்படியென்றால் எதிலிருந்தெல்லாம் விலக்கு? (ஃபுளோரிடா)

வாழையிலை

ஃபுளோரிடாவில் ஒரு சிறிய நகரத்தின் டவுன்டவுன். 2,000 சதுர அடி கடை, இதுவரை துணிக்கடை. டிபன் ஹோட்டலாக மாற்ற வேண்டும். உள்ளே 40 இருக்கை. வெளியே நடைபாதையில் இருவர் மேசை ஆறு, ஆக 12 இருக்கை. காலை 8 முதல் இரவு 8 வரை. பீர், ஒயின் லைசென்ஸுக்கும் போடப் போகிறோம். கடைச் சுவரிலிருந்து கர்ப் (சாலையோர விளிம்புக் கல்) வரை நடைபாதை 12 அடி. கர்ப் ஓரம் மரத்தொட்டி, பார்க்கிங் மீட்டர் எல்லாம் சேர்த்து இரண்டரை அடி போய்விடும்.

நகர விதிகளில் வளர்ச்சி மேலாண்மைப் பகுதியைப் பார்த்தால் கன்கரன்சிக்கு ஒரு விலக்குப் பட்டியல் இருக்கிறது: நடைபாதை உணவகம், தரைப்பரப்பு கூடாத உள் மாற்றம், வேலி, பெயர்ப்பலகை, இடித்த வீட்டுக்குப் பதிலாக அதே மனையில் கட்டும் ஒரு வீடு. இந்தப் பட்டியலில் இருந்தால் மேசை போட வேறு பர்மிட் வேண்டாமா? துணிக்கடை ஹோட்டலாவது ‘உள் மாற்றம்’ கணக்கில் வருமா? பின்னால் மாடியில் 4 அபார்ட்மென்ட் கட்டும் யோசனையும் உண்டு. அதற்கும் இது பொருந்துமா?

கர்ப்கோடு

மூன்றுக்கும் மூன்று விதமான பதில்.

கன்கரன்சி என்பது ஒரே ஒரு சோதனை. புதிதாக வரும் கட்டடம் உண்டாக்கும் சுமையைத் தாங்கச் சாலை, குடிநீர், கழிவுநீர், மழைநீர் வடிகால் போன்றவற்றில் கொள்ளளவு மிச்சம் இருக்கிறதா என்று நகரம் பார்க்கும். 1985-ல் வந்த வளர்ச்சி மேலாண்மைச் சட்டத்தின் வழி இது. நடைபாதை மேசை அந்தப் பட்டியலில் இருப்பதற்குக் காரணம் எளிது: சாலைப் போக்குவரத்துக் கணக்கு கட்டடத்தின் தரைப்பரப்பை வைத்துப் போடப்படுகிறது. பொது நடைபாதையில் கிடக்கும் ஆறு மேசைக்குத் தரைப்பரப்பே கிடையாது. சோதித்தால் பூஜ்யம்தான் வரும். அதனால் அந்தச் சோதனையை விட்டுவிடுகிறார்கள். மேசை போட அனுமதி கொடுத்துவிட்டதாக அதற்குப் பொருள் இல்லை. நடைபாதை நகரத்தின் சொத்து. அதைப் பயன்படுத்தத் தனி பர்மிட் வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், நகரம் நினைத்தால் திரும்பப் பெறலாம்.

இன்னொன்று. மேசைக்கு மேல் நிரந்தரக் கூரை போட்டாலோ, மழைக்கு பிளாஸ்டிக் திரை கட்டி மூடினாலோ பல நகரங்கள் அதைத் தரைப்பரப்பாக எண்ணத் தொடங்கும். அந்த நிமிடமே விலக்கு போய்விடும். குடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

துணிக்கடை ஹோட்டலாவது உள் மாற்றம் ஆகாது. அது பயன்பாட்டு மாற்றம். சுவர் ஒன்றைக்கூட நகர்த்தாவிட்டாலும் அப்படித்தான். ஐடிஇ (போக்குவரத்துப் பொறியாளர் கழகம்) வெளியிடும் டிரிப் கையேட்டின், அதாவது எந்தக் கட்டடத்துக்கு எத்தனை வண்டி வந்துபோகும் என்ற கையேட்டின், 11-ஆம் பதிப்பில், மாலை நெரிசல் நேரத்துக்குச் சிறு கடை வரிசை (எண் 822) 1,000 சதுர அடிக்கு 6.59 டிரிப். உட்கார்ந்து சாப்பிடும் வேகமான ஹோட்டல் (எண் 932) 9.05. உங்கள் 2,000 சதுர அடிக்குப் பழையது 13.2, புதியது 18.1. வித்தியாசம் ஏறக்குறைய 5. இதுதான் நீங்கள் காட்ட வேண்டிய எண். எப்படியும் அந்தத் தெருவில் போகிற கார்கள் வழியில் நிறுத்துவதைக் கழித்தால் இன்னும் குறையும். பழைய பயன்பாட்டின் 13.2-ஐக் கழிக்க வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதிக் கேளுங்கள். கேட்காவிட்டால் முழு 18-க்கும் கணக்குப் போட்டுவிடுவார்கள். கடை நெடுநாள் பூட்டிக் கிடந்திருந்தால் அப்படிக் கழிக்கும் உரிமை காலாவதியாகும் நகரங்களும் உண்டு. கடைசி வாடகைக்காரரின் வணிக வரி ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பால்மரம்

2011-க்கு அப்புறம் ஃபுளோரிடாவுல கன்கரன்சியே எடுத்துட்டாங்களே. பழைய விதிப் புத்தகத்தப் பாத்துக் குழம்பிக்கிட்டு இருக்கீங்க.

கர்ப்கோடு

பாதிதான் சரி. 2011 சமூகத் திட்டமிடல் சட்டம் சாலை, பள்ளி, பூங்கா மூன்றுக்கும் கன்கரன்சியை உள்ளூர் விருப்பத்துக்கு விட்டது. வைத்துக்கொள்ள விரும்பும் நகரம் வைத்துக்கொள்ளலாம். நிறைய இடங்களில் வைத்திருக்கிறார்கள். ஜாக்சன்வில் போன்ற நகரங்கள் அதற்குப் பதிலாக மொபிலிட்டி கட்டணத்துக்கு (போக்குவரத்து வசதிக்காகப் புதுக் கட்டடங்களிடம் வாங்குவது) மாறின. கழிவுநீர், திடக்கழிவு, வடிகால், குடிநீர் நான்கும் இன்றைக்கும் மாநிலம் முழுக்கக் கட்டாயம். சட்டப் பிரிவு 163.3180, முதல் உட்பிரிவைப் பாருங்கள். வாழையிலை காட்டும் பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது, அந்த விலக்கு சாலைக்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா என்பது. சாலைக்கு மட்டும் என்றும் இருக்கலாம்.

பால்மரம்

சரி, ஒத்துக்கறேன். அப்போ அந்தக் கழிவுநீர் விஷயத்த நானே சொல்லிடறேன், ஏன்னா ஹோட்டல்காரங்க சறுக்கறது அங்கதான்.

சாலைக் கணக்குல உங்க 12 நாற்காலி கண்ணுக்கே தெரியாது. கழிவுநீர்க் கணக்குல அது முழுசா தெரியும், ஏன்னா அங்க சதுர அடி இல்ல, இருக்கைதான் அளவு. மாநில விதியில 16 மணி நேரத்துக்குள்ள நடக்கற ஹோட்டலுக்கு ஒரு இருக்கைக்கு ஒரு நாளைக்கு 40 காலன். 12 இருக்கைக்கு 480 காலன். இந்த விதி செப்டிக் டாங்குக்கு எழுதினது. ஆனா நகரச் சாக்கடை இணைப்புக் கட்டணம் போடறப்பவும் பல இடத்துல இதே எண்ணத்தான் எடுக்கறாங்க. ஒரு வீட்டு இணைப்ப 250 காலன்னு நகரம் வெச்சிருந்தா, உங்க வெளி மேசை மட்டும் ஏறக்குறைய ரெண்டு வீட்டு இணைப்புக்குச் சமம். கட்டணமும் அதே மாதிரிதான் வரும்.

அடுத்தது கிரீஸ் தொட்டி, அதாவது சமையலறைத் தண்ணியில வர்ற எண்ணெய்ப் பிசுக்கப் பிடிக்கற தொட்டி. கணக்கு இப்படி: இருக்கை × 25 காலன் × (திறந்திருக்கற மணி ÷ 12) × சாலைக் காரணி. பெரிய சாலை ஓரம்னா காரணி 1, உள் தெருன்னா 0.75. உங்களுக்கு 12 மணி நேரம், அதனால நடு எண் 1. உள்ளே இருக்கற 40 இருக்கைக்கு மட்டும், உள் தெருக் காரணியோட: 40 × 25 × 0.75 = 750. குறைஞ்சபட்சத் தொட்டியே 750 காலன்தான், சரியா உக்காந்துடும். 52 இருக்கைன்னா 975. புதைச்ச 750 தொட்டி பத்தாது! அதே தெருவ மெயின் ரோடுன்னு எடுத்துட்டாங்கன்னா 52 × 25 = 1,300. ஒரு தொட்டிக்கு உச்ச வரம்பு 1,250, அதத் தாண்டினா ரெண்டு தொட்டிய வரிசையா வைக்கணும். காங்கிரீட் போட்டு மூடினதுக்கு அப்புறம் இது தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சுக்கங்க. வெளி மேசை ஒரு வருஷம் கழிச்சுப் போடறதா இருந்தாலும், தொட்டிய மட்டும் முதல் நாளே 52-க்கு வரைஞ்சு குடுத்துடுங்க.

நம்ம சமையலுக்கு ஒரு தனிக் குறிப்பு: வடை எண்ணெய்க்குத்தான் எல்லாரும் பயப்படுவாங்க. கிரைண்டர் கழுவற தண்ணியில போற உளுந்து மாவு தொட்டி அடியில படியும், அதையும் கவனிக்கணும். மேல மிதக்கற கிரீசும் அடியில படிஞ்சதும் சேர்ந்து நீர் ஆழத்துல 25 சதவீதம் ஆனா பம்ப் பண்ணி எடுக்கணும்னு வழக்கம். மாவ ரப்பர் கரண்டியால வழிச்சுக் குப்பையில போட்டுட்டு அப்புறம் கழுவச் சொல்லுங்க.

வாழையிலை

கிரீஸ் தொட்டி எங்கள் வரைபடத்தில் 750 என்றுதான் இருக்கிறது. மாற்றச் சொல்லிவிட்டேன், நன்றி. 12 அடி நடைபாதையில் ஆறு மேசை அடங்குமா?

சாக்பீஸ்

அடங்கும். நாற்காலியை எந்தப் பக்கம் திருப்புகிறீர்கள் என்பதுதான் விஷயம்.

12 அடியில் கர்ப் ஓரத்து 2.5 அடி போக 9.5 அடி. நடப்பவர்களுக்கு இடைவெளி இல்லாமல் விட வேண்டிய வழி பல நகரங்களில் 5 அல்லது 6 அடி. (ஊனமுற்றோர் சட்டத் தரநிலை 36 அங்குலம் என்பதைப் படித்துவிட்டு வாதாடப் போகாதீர்கள். அது தேசியக் குறைந்தபட்சம். பொது நடைபாதைக்கு 2023-ல் வந்த கூட்டாட்சி வழிகாட்டியே 48 அங்குலம் கேட்கிறது. நகரம் அதைவிட அதிகம் கேட்கலாம்.) 6 அடி என்று வையுங்கள். உங்களுக்கு மிஞ்சுவது 3.5 அடி, அதாவது 42 அங்குலம்.

24 அங்குலச் சதுர மேசையைச் சுவரை ஒட்டிப் போட்டு, இரண்டு நாற்காலியும் சுவருக்கு இணையாக ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்தால் 24 அங்குல ஆழமே போதும். நாற்காலி பின்னுக்கு நகர்ந்தாலும் பக்கத்து மேசைப் பக்கம்தான் போகும், நடப்பவர் பக்கம் வராது. அதே மேசையில் ஒருவரைத் தெருவுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தால் 24-உடன் நாற்காலிக்கு 18, எழுந்திருக்க இன்னொரு 12. மொத்தம் 54. வரைபடத்தில் நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளி வைத்தபடி வரைவார்கள். ஆய்வாளர் வரும்போது வாடிக்கையாளர் அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். இழுத்த நிலையில் வரைந்து கொடுங்கள்.

நீள வாக்கில் ஒரு மேசைக்கு 24 + 18 + 18, அதோடு நகர்த்த இடம். 6 அடி என்று வையுங்கள். ஆறு மேசைக்கு 36 அடி முகப்பு வேண்டும், வாசல் தவிர. உங்கள் முகப்பு எத்தனை அடி என்று சொல்லவில்லை. 30 அடிக்குக் குறைவென்றால் நான்கு மேசைதான். பக்கத்துக் கடை முன்னால் நீட்டுவதை அவருடைய எழுத்துப்பூர்வ சம்மதம் இருந்தாலும் பல நகரங்கள் விடுவதில்லை.

இருக்கையில் 5 சதவீதம் சக்கர நாற்காலிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 12-க்கு ஒன்று. மேசை மேற்பரப்பு 28-லிருந்து 34 அங்குலத்துக்குள், முழங்காலுக்கு 27 அங்குல உயரம், 17 அங்குல ஆழம் காலியாக. நடுவில் தடித்த கால் உள்ள மேசை இதில் அடிபடும். ஒரு பக்க நாற்காலியை எடுத்துவிட்டு 30க்கு 48 அங்குல இடத்தைச் சுவருக்கு இணையாகக் காட்டினால் 42-க்குள் அடங்கிவிடும்.

குடையின் ஓரம் நடைவழிக்கு மேல் வந்தால் 80 அங்குல உயரம் இருக்க வேண்டும். கடைகளில் விற்கும் குடைகள் பலவும் விரித்தபின் ஓரம் அதைவிடத் தாழ்வாக இறங்கும். விரித்து அளந்துவிட்டு வாங்குங்கள். கயிறு கட்டித் தடுப்பு போட்டால் கீழ்க் கயிறோ கம்பியோ தரையிலிருந்து 27 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். பார்வையற்றவரின் கோல் அதில்தான் தட்டும். மேலே மட்டும் கயிறு இருந்தால் கோல் அடியில் புகுந்துவிடும், ஆள் மோதுவார்.

கர்ப்கோடு

சாக்பீஸ் சொன்னதற்கு முன்னால் ஒரு வேலை: அந்தத் தெருவுக்கு மாநிலச் சாலை எண்ணோ, யுஎஸ் எண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். டவுன்டவுன் மெயின் தெரு பல ஊரில் மாநிலச் சாலைதான். அப்படியென்றால் நடைபாதை மாநிலப் போக்குவரத்துத் துறையுடையதாக இருக்கும். நகர பர்மிட் மட்டும் போதாது.

பீர், ஒயினுக்கு: லைசென்ஸ் பெற்ற இடம் என்பது நீங்கள் கொடுக்கும் வரைபடத்துக்குள் இருக்கும் இடம்தான். கடையை ஒட்டிய நடைபாதையையும் அதில் சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது, பிரிவு 561.01. ஆனால் உள்ளூர் விதிப்படி இருக்கிறது என்று நகரம் எழுதிக் கொடுத்த சான்று கூடவே போக வேண்டும். அதனால் வரிசை: முதலில் நடைபாதை பர்மிட், பிறகு மது லைசென்ஸ். தலைகீழாகப் போனால் திரும்பி வரும். ஹோட்டல் லைசென்ஸிலும் இருக்கை எண்ணிக்கை 52 என்றே இருக்கட்டும். மூன்று தாளில் மூன்று எண் இருந்தால் முதலில் கேள்வி வருவது அங்கேதான்.

நடைபாதை பர்மிட்டுக்குக் கொடுக்கும் காப்பீட்டுச் சான்றிதழில் நகரத்தைச் ‘சான்றிதழ் பெறுபவர்’ என்று மட்டும் போட்டு அனுப்புவது வழக்கமான தவறு. ‘கூடுதல் காப்பீடு பெற்றவர்’ என்று பாலிசியிலேயே சேர்த்த தாள் வேண்டும்.

மாடி அபார்ட்மென்ட்: விலக்குப் பட்டியலில் உள்ளது ‘இடித்ததற்குப் பதில் ஒரு வீடு’. புதிதாக நான்கு வீடு அதில் வராது. ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. தாழ்ந்த அடுக்குக் குடியிருப்புக்கு (எண் 220) வீட்டுக்கு 0.51, நான்குக்கும் சேர்த்து 2 டிரிப்தான். சாலை நிரம்பிவிட்டது என்று நகரம் சொன்னாலும் விண்ணப்பத்தை நிறுத்த முடியாது. உங்கள் பங்குத் தொகையைக் கட்டுவதாக ஒப்பந்தத்துக்கு முன்வந்தால் மேலே போகலாம். பங்கு இப்படி: அந்தச் சாலைக்கு வரும் உங்கள் டிரிப்பை, விரிவாக்கத்தால் கூடும் கொள்ளளவால் வகுத்து, செலவால் பெருக்குவது. உதாரணத்துக்கு 7 டிரிப், கூடும் கொள்ளளவு 300, செலவு 24 லட்சம் டாலர் என்றால் 56,000 டாலர். இதில் பலரும் விட்டுவிடும் ஒன்று: நீங்கள் வருவதற்கு முன்பே அந்தச் சாலை பற்றாக்குறையில் இருந்தால், அதைச் சரிசெய்யும் செலவை உங்கள் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஏற்கெனவே உள்ள குறைக்கு நீங்கள் பொறுப்பில்லை. நகரம் அனுப்பும் கணக்கில் அது எடுக்கப்பட்டிருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள்.

பால்மரம்

வீடு வந்தா பள்ளி, பூங்கா இம்பாக்ட் கட்டணமும் (புதுக் கட்டடத்தால கூடற தேவைக்காக வாங்கறது) தனியா வரும். கன்கரன்சி விலக்குக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. கட்டட பர்மிட் குடுக்கற தேதிக்கு முன்னால அத வசூலிக்கக் கூடாது, அதனால சைட் பிளான் கட்டத்துலயே கேட்டா குடுக்காதீங்க. குறைஞ்ச வருமானக்காரங்களுக்கான வீடா குடுத்தா கட்டணத்த விலக்கித் தர நகரத்துக்கு அதிகாரம் இருக்கு, ஆனா அது அவங்க விருப்பம்.

வாழையிலை

அளந்து பார்த்தேன். முகப்பு வாசல் போக 27 அடி. நான்கு மேசை, 8 இருக்கை. தொட்டிக் கணக்கு 48 இருக்கைக்கு 900 காலன். தெருவுக்கு மாநில எண் இல்லை.

சாக்பீஸ்

1,000 காலன் தொட்டியாகக் கேளுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் மேசை நாற்காலி எல்லாம் உள்ளே போக வேண்டும் என்பது பர்மிட் நிபந்தனையில் இருக்கும்; அடுக்கி வைக்கும் நாற்காலி, மடிக்கிற மேசை வாங்கிக்கொள்ளுங்கள். தரையில் போல்ட் போடவே வேண்டாம்.