இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிந்தது

போன வாரம் எங்கள் படுக்கையறையில் லைட், ஃபேன், பிளக் எல்லாம் ஒரேயடியாக நின்றுவிட்டன. மற்ற அறைகளில் கரண்ட் இருக்கிறது. எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) எதுவும் விழவில்லை. டெஸ்டரை பிளக் பாயிண்டில் வைத்தேன், ஒரு ஓட்டையில் எரிந்தது. சரி, ஃபேஸ், அதாவது கரண்ட் உள்ளே வரும் ஒயர், சரியாக இருக்கிறது. எதற்கும் பார்ப்போம் என்று பக்கத்து ஓட்டையில் வைத்தால் அங்கேயும் எரிகிறது! இரண்டு பக்கமும் கரண்ட் இருக்கிறது, ஆனால் ஒரு சார்ஜர்கூட ஓடவில்லை. எங்கோ ஷார்ட் ஆகி எல்லாம் கலந்துவிட்டது என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

வந்த வயர்மேன் அண்ணன் உடனே எதையும் கழற்றவில்லை. "இந்த ரூம்ல எல்லா சுவிட்சையும் ஆஃப் பண்ணுங்க, சார்ஜரையும் பிடுங்குங்க" என்றார். செய்ததும் இரண்டாவது ஓட்டையில் டெஸ்டர் அணைந்தது. ஒரே ஒரு லைட் சுவிட்சைப் போட்டார், மறுபடி எரிந்தது. "நியூட்ரல், அதான் கரண்ட் திரும்பிப் போற ஒயர், விட்டுப்போச்சு. பல்பு வழியா உள்ள போன கரண்ட், திரும்பிப் போக வழியில்லாம நியூட்ரல் ஒயர்லயே நிக்குது. அவ்வளவுதான்."

மெயினை ஆஃப் செய்துவிட்டுக் கதவுக்கு மேலே இருந்த ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தார். மூன்று ஒயரை ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருந்தது. தொட்டதும் டேப் சருகாக உதிர்ந்தது, உள்ளே செம்பு கன்னங்கரேல் என்று இருந்தது. கருத்ததை வெட்டி எறிந்து, பளபளவென்று செம்பு தெரியும்வரை சீவி, ஸ்க்ரூ கனெக்டர் போட்டுக் கொடுத்தார். வேலை பத்து நிமிடம்தான். அவர் வருவதற்கு முன்னால், லைட் எரியாத அறைதானே, அதிலும் நியூட்ரல் ஒயர்தானே என்று நானே அந்த பாக்ஸில் கை வைக்க இருந்தேன். அதை நினைத்தால்தான் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

வேறு யாருக்காவது இப்படி ஆனதுண்டா?

* * *

உங்களுக்கு ஒரு அறையோடு போனது. எங்களுக்கு மெயின் நியூட்ரலே லூஸ். மூன்று ஃபேஸ் இணைப்பு, அதாவது மூன்று ஃபேஸ் ஒயருக்கும் பொதுவாக ஒரே நியூட்ரல். ஒரு சாயங்காலம் இஸ்திரிப் பெட்டியைப் போட்டதும் அந்த அறை லைட் மங்கியது, கூடத்து லைட் பளிச்சென்று ஏறியது. நல்ல வெளிச்சமாக இருக்கிறதே என்று அப்பா சொல்லி வாய் மூடவில்லை, டிவிக்குள் 'டப்' என்றது. பிறகு மோடம்.

நியூட்ரல் சரியாக இருந்தால் ஒவ்வொரு ஃபேஸிலும் 230 வோல்ட்தான் கிடைக்கும். அது விட்டுப்போனால், இரண்டு ஃபேஸுக்கு நடுவே இருக்கும் 400 வோல்ட்டை அந்தந்தப் பக்கத்துச் சாமான்கள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். லோடு அதிகமான பக்கம் குறைவாக வாங்கும், லோடு குறைவான பக்கத்தின் தலையில் மிச்சமெல்லாம் விழும். எங்கள் வீட்டில் சும்மா கிடந்த டிவி அப்படித்தான் செத்தது. ஒன்றைப் போட்டால் இன்னொரு லைட் கூடுதலாக எரிகிறது என்றால் காரணம் தேடிக்கொண்டு நிற்காதீர்கள், நேராகப் போய் மெயினை இறக்குங்கள்.

* * *

ஆர்சிசிபி (கரண்ட் எங்காவது ஒழுகினால் லைனைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) கதை ஒன்று சொல்கிறேன், கொஞ்சம் நீளம்.

மூன்று வாரம் படுத்தியது. காலையில் ஹீட்டர் போட்டால் விழும், ஆகவே ஹீட்டர்தான் என்று அதைக் கழற்றி ஆள் வைத்துப் பார்த்தோம். ஹீட்டரில் ஒன்றுமில்லை. அப்புறம் வாஷிங் மெஷின் ஓடும்போது விழுந்தது. அதன்மேல் பழி. பிறகு பிளக் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, எம்சிபிகளையும் ஒவ்வொன்றாக இறக்கிச் சோதித்தேன். எந்த எம்சிபியை இறக்கி வைத்தாலும், மிச்சத்தில் பெரிய லோடு ஒன்றைப் போட்டால் ஆர்சிசிபி விழுந்தது. ஆர்சிசிபியே கெட்டுவிட்டது என்று புதிது வாங்கி மாட்டினோம். அதுவும் விழுந்தது.

நான் தப்பு செய்தது எங்கே தெரியுமா? எங்கள் எம்சிபிகள் 'சிங்கிள் போல்' வகை. அவை ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் அப்படியே நியூட்ரல் பாரில் (எல்லா நியூட்ரலும் சேரும் உலோகப் பட்டை) சேர்ந்தே இருக்கும். ஆகவே ஒரு நியூட்ரல் எங்காவது எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், அந்த சர்க்யூட்டின் எம்சிபியை இறக்கினாலும் கோளாறு போகாது. வேறு அறையில் ஓடும் சாமானின் கரண்டில் ஒரு பங்கு அந்தத் தொடுப்பு வழியாக எர்த்துக்குப் போகும். ஆர்சிசிபி பார்ப்பது போன கரண்டும் திரும்பிய கரண்டும் சமமா என்பதைத்தான். எங்கள் வீட்டில் இருப்பது 30 மில்லி ஆம்பியர் வகை, வித்தியாசம் அந்த அளவுக்கு வந்தால் விழுந்துவிடும். பெரிய லோடு போட்டால் ஒழுகும் பங்கும் கூடுகிறது, உடனே விழுகிறது. பாவம், ஹீட்டர்.

கடைசியில் வந்த எலக்ட்ரீசியன் மெயினை இறக்கி, நியூட்ரல் பாரிலிருந்து ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்தார். நான்காவதில் மீட்டர் 'பீப்' என்று கத்தியது. என் அறை சர்க்யூட். புத்தக அலமாரி மாட்ட நான் அடித்த ஸ்க்ரூ, சுவருக்குள் பைப்பைத் துளைத்து, நியூட்ரலையும் எர்த்தையும் ஒருசேரக் குத்திப் பிடித்திருந்தது. வெளியே எடுத்தபோது அதன் மரையில் பச்சை பிளாஸ்டிக் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. பழைய ஆர்சிசிபியை மட்டும் என் மேஜைமேல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

* * *

வாஷிங் மெஷின் என்றதும் என் கதை. ஈரக் கையோடு தொட்டால் சுருக்கென்று இழுக்கும். வீட்டில் சொன்னால், அவர் செருப்புப் போட்டுக்கொண்டு வந்து தொட்டுப் பார்த்து, "எனக்கு ஒண்ணும் தெரியலையே, உனக்குப் பிரமை" என்றார். செருப்பைக் கழற்றச் சொன்னேன். அப்புறம் பிரமை என்ற பேச்சே இல்லை.

பிளக் பாயிண்டில் மேலே உள்ள பெரிய ஓட்டைக்கு எர்த் ஒயரே வரவில்லை. பெட்டிக்குள் சுருட்டிச் செருகி வைத்திருந்தார்கள், பலகையில் முடுக்கவே இல்லை. இந்த மாதிரி மெஷின்களில் இரைச்சல் வடிகட்டுவதற்கென்று சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்குமாம். அவற்றின் வழியாக மெஷின் உடம்புக்கு வரும் துளிக் கரண்டை எர்த்தான் இறக்கிவிட வேண்டும். எர்த் இல்லாவிட்டால் மெஷின் உடம்பில் பாதி வோல்ட்டேஜ் தங்கும். சுருக்கென்று இழுத்ததோடு விட்டது நல்ல காலம். உள்ளே நிஜமாகவே இன்சுலேஷன் போயிருந்தால்?

இதைவிடப் பெரிய கூத்து, முதலில் வந்த ஆள் சொன்ன வைத்தியம். "எர்த் பின்னையும் நியூட்ரலையும் ஒரு துண்டு ஒயரால சேர்த்துட்டா சரியாயிடும்" என்றார். மாமனார்தான் கூடாது என்று பிடிவாதமாக நின்றார். இங்கே முதல் பதிவைப் படித்த பிறகுதான் அதன் முழு விபரீதமும் புரிகிறது. அந்த மாதிரி சேர்த்துவிட்டு நியூட்ரல் விட்டுப்போயிருந்தால், அந்தக் கரண்ட் மொத்தமும் மெஷின் உடம்பில் வந்து நின்றிருக்கும்.

* * *

ஆஃப் செய்த பிறகும் எல்இடி பல்பு மங்கலாக எரிகிறதா? எங்கள் வீட்டில் சுவிட்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருந்தார்கள். ஆஃப் செய்தாலும் ஹோல்டரில் ஃபேஸ் நிற்கும். பல்பு மாற்றும்போது சுவிட்சை நம்பாதீர்கள். சுவிட்சில் சிவப்பு இண்டிகேட்டர் இருந்தாலும் இப்படி மினுக்கும், அது வேறு கணக்கு, பயமில்லை.

* * *

எங்கள் வீட்டில் ஹீட்டர் பிளக்கிலிருந்து மீன் கருகுகிற மாதிரி ஒரு வாடை. சமையலறையை இரண்டு நாள் கழுவினோம்! பிறகுதான் பிளக்கின் ஒரு பின் பழுப்பேறி, சாக்கெட் ஓட்டை இளகி அகன்றிருப்பதைப் பார்த்தேன். எம்சிபி ஏன் விழவில்லை என்று முதலில் குழம்பினேன். 2000 வாட் ஹீட்டர் இழுப்பது 8.7 ஆம்பியர்தான், எம்சிபி 16 ஆம்பியர், அது ஏன் விழ வேண்டும்? ஆனால் லூஸாகத் தொடுகிற இடத்தில் அரை ஓம் தடை இருந்தால்கூட அங்கே 38 வாட் சூடு. சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைவிட அதிக வாட் சூடு தருகிற ஒன்று தினமும் பிளாஸ்டிக்குக்குள் உட்கார்ந்திருந்தது.

பிளக், சாக்கெட் இரண்டையும் மாற்றினோம். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

* * *

முதல் பதிவு போட்டவன்தான். எல்லாவற்றையும் படித்துவிட்டு, அதே அண்ணனைத் திரும்ப வரச் சொன்னேன். மெயினை இறக்கி, பெட்டியில் ஒவ்வொரு ஸ்க்ரூவாக முடுக்கிப் பார்த்தார். நியூட்ரல் பாரில் மூன்று ஸ்க்ரூ அரைச் சுற்று ஏறின. ஒன்று ஒரு முழுச் சுற்று.