ஏரியா ஆடுது, ஆர்.டி. அசையலை: ஆட்டோசாம்ப்ளர் சீல், மூவர் அனுபவங்கள்

எங்கள் க்யூ.சி. (தரக்கட்டுப்பாட்டு) லேபில் பழைய எச்.பி.எல்.சி. (கரைசலில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) ஒன்று இருக்கிறது. மொபைல் ஃபேஸ் (சாம்பிளைச் சுமந்து செல்லும் திரவம்), ஆட்டோசாம்ப்ளரின் (சாம்பிளைத் தானாக எடுத்துச் செலுத்தும் பகுதி) ஊசி வழியாகவே ஓடும் வகை. ஒருநாள் மாத்திரை அஸே (மருந்தின் அளவைச் சோதிப்பது) போட்டபோது, ஸ்டாண்டர்டின் (அளவு தெரிந்த கரைசல்) ஐந்து இன்ஜெக்‌ஷனில் பீக் ஏரியாவின் ஆர்.எஸ்.டி. (ஒன்றுக்கொன்று மாறும் அளவு) 2 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. ரிடென்ஷன் டைம் (ஆர்.டி., கிராஃபில் பீக் எழும் நேரம்) மட்டும் அப்படியே நின்றது. லேபில் ஆளாளுக்கு "புது சி18 போடு" என்றார்கள். சி18 என்ற பிரிக்கும் குழாய் கெட்டிருந்தால் பீக் வடிவம் கெட்டிருக்கும்; பம்ப் கோளாறு என்றால் ஆர்.டி. நகர்ந்திருக்கும். இரண்டும் ஒழுங்காக இருந்து ஏரியா மட்டும் ஆடினால், முதல் சந்தேகம் ஊசி பக்கம்தான்.

வால்வை பைபாஸில் (திரவம் ஊசிக்குப் போகாத வழி) வைத்துப் பார்த்தேன். பிரஷர் ஆடவில்லை. ஊசி வழியாக ஓடும் மெயின்பாஸுக்கு மாற்றியதும் மெல்ல இறங்கியது. அப்படியென்றால் ஊசி, அது அமரும் சீட், சாம்பிள் தங்கும் லூப், சாம்பிளை அளந்து எடுக்கும் பகுதியின் மீட்டரிங் சீல் இவற்றில் ஏதோ ஒன்று ஒழுகுகிறது. டிஷ்யூவைச் சுருட்டி சீட்டைச் சுற்றி ஒற்றினால் ஈரம். ஓரத்தில் வெள்ளையாக பாஸ்பேட் உப்பு. ஊசி, சீட் இரண்டையும் சேர்த்தே மாற்றினேன். தேய்ந்த ஊசி புது சீட்டையும் கெடுத்துவிடும். அங்கே சிக்கனம் பார்ப்பது வீண்.

— — —

எனக்கு வந்தது வேறு பிரச்சினை: கேரிஓவர் (முந்தைய சாம்பிளின் மிச்சம் அடுத்ததில் தெரிவது). கனமான ஸ்டாண்டர்டுக்கு அப்புறம் பிளாங்க் (மருந்தில்லாத கரைசல்) போட்டால், அதே இடத்தில் குட்டி பீக். நீடில் வாஷை மாற்றியும் போகவில்லை. வால்வைத் திறந்தேன் (மூன்று திருகையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும், ஒன்றை மட்டும் முழுதாகக் கழற்றினால் அசையாத பகுதியான ஸ்டேட்டர் சாய்ந்துவிடும்). உள்ளே சுழலும் ரோட்டர் சீலில் ஒரு பள்ளத்திலிருந்து அடுத்த பள்ளம் வரை கீறல். கிரேடியண்டில் (ஓடும்போதே கலவையை மாற்றும் முறை) அசிட்டோநைட்ரைல் என்ற ஆர்கானிக் கரைப்பானை 90 சதவீதம் வரை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பஃபரில் உள்ள பாஸ்பேட் கரையாமல் பொடியாகி, வால்வு திரும்பும்போதெல்லாம் தேய்த்திருக்கிறது. இப்போது பஃபர் ஓடிய நாளில் தண்ணீர் நிறைந்த கலவையால் கழுவிய பிறகுதான் ஆர்கானிக் ஏற்றுகிறோம்.

இன்னொன்று: வெஸ்பெல் என்ற பிளாஸ்டிக்கால் ஆன சீல் பி.எச். 10-ஐத் தாண்டினால் தாங்காது. கார மொபைல் ஃபேஸுக்கு PEEK என்ற பிளாஸ்டிக்கால் ஆன சீல் கேட்டு வாங்குங்கள். டி.எச்.எஃப். (டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பான்) ஓட்டுபவர்களுக்கு அந்த PEEK சீலும் ஆகாது.

— — —

சார், ஸ்பேர் ஆர்டர் போடுவதற்கு முன் வயலை, அதாவது சாம்பிள் குப்பியைப் பாருங்கள். மூடியை முறுக்கி இறுக்கி, வயலையும் விளிம்பு வரை நிரப்பினால், எடுக்க எடுக்க உள்ளே வெற்றிடம் உண்டாகி ஊசிக்கு முழு அளவு கிடைக்காது. செப்டம் (ஊசி துளைக்கும் மூடித் தகடு) துணுக்கு ஊசியை அடைப்பதும் உண்டு.

மீட்டரிங் சீலுக்கு நான் செய்வது தராசு சோதனைதான். ஒரு வயல் தண்ணீரை எடைபோட்டு, 50 மைக்ரோலிட்டர் வீதம் பத்து இன்ஜெக்‌ஷன் போடுங்கள். எடை சுமார் 500 மில்லிகிராம் குறைய வேண்டும். தெளிவாகக் குறைவாக இருந்தால் ஊசி அடைப்பு, காற்றுக் குமிழி, மீட்டரிங் சீல் என்று அந்த வரிசையில் பாருங்கள். எடை சரி, ஏரியா மட்டும் ஆடுகிறது என்றால், எடுத்த சாம்பிள் உள்ளே போகும் வழியில் ஒழுகுகிறது. சீட்டையும் ரோட்டரையும் திறந்து பார்க்கலாம்.