ரெட் ட்வார்ஃப்: ஆறாவது சீசனுக்குப் பிறகு எது கைநழுவிப் போனது?

‘மேல்கட்டில்’ என்ற பெயரில் எழுதுபவர் கேட்கிறார்:

1988-இல் பிபிசி 2-இல் தொடங்கிய ‘ரெட் ட்வார்ஃப்’ என்ற விண்வெளி நகைச்சுவைத் தொடரை, முதல் சீசனிலிருந்து 2020-இல் வந்த ஒன்றரை மணி நேரச் சிறப்புக் கதை வரை, மூன்றாவது முறையாக வரிசை தவறாமல் பார்த்து முடித்திருக்கிறேன். இனி எழுதப்போவதில் கதை முடிவுகள் வெளிப்படும். பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஏழாவது, எட்டாவது சீசன்கள் ஏன் சோபிக்கவில்லை என்று கேட்டால் ரசிகர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தைத்தான் சொல்வார்கள். ராப் கிராண்டும் டக் நெய்லரும் இருவராகச் சேர்ந்து எழுதிய தொடர் இது. ஆறாவது சீசனோடு கிராண்ட் விலகிக்கொண்டார். அத்தோடு எழுத்து இளைத்துவிட்டது என்பார்கள். நானும் பல ஆண்டுகளாக அப்படித்தான் நம்பியிருந்தேன். இம்முறை பார்த்தபோது அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. ஏழாவது சீசனில் நல்ல வசனங்கள் இல்லாமல் இல்லை. அந்த வசனங்களைப் பேசிக்கொள்ளும் இடம்தான் காணாமல் போயிருக்கிறது என்று தோன்றுகிறது.

நான் இடம் என்று சொல்வது லிஸ்டரும் ரிம்மரும் படுத்துக்கொள்ளும் அந்த இரட்டை அடுக்குக் கட்டில் அறையை. கதிர்வீச்சு விபத்தில் கப்பலில் இருந்தவர்கள் அனைவரும் இறந்துபோய் முப்பது லட்சம் ஆண்டுகள் ஆகிவிட்டன. காலம் உறைந்த அறையில் இருந்ததால் மிஞ்சிய ஒரே மனிதன் லிஸ்டர். அவனுக்குத் துணையாகக் கணினி எழுப்பித் தருவதோ, உயிரோடு இருந்த காலத்திலேயே அவனுக்குக் கொஞ்சமும் ஒத்துப்போகாத அறைத்தோழன் ரிம்மரின் ஹாலோகிராமை, அதாவது தொட முடியாத ஒளி உருவை. தொடரின் மூலதனம் முழுவதும் இவ்வளவுதான். மூன்றாவது சீசனின் ‘மரூன்ட்’ எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். பனிக்கோள் ஒன்றில் ஸ்டார்பக் கலம் விழுந்து கிடக்கிறது. உள்ளே இரண்டே பேர். குளிரில் லிஸ்டர் சாகாமல் இருக்க, எரிக்கக் கூடியதை எல்லாம் எரித்தாக வேண்டும். தன் கிட்டாரை எரித்துவிட்டதாக லிஸ்டர் நாடகமாடுகிறான். உண்மையில் அவன் எரித்தது, ரிம்மருக்கு அவன் தந்தை கொடுத்த கற்பூர மரப் பெட்டியிலிருந்து கிட்டார் வடிவத்தில் அறுத்தெடுத்த பலகையை. அது தெரியாத ரிம்மர், நண்பனின் தியாகத்தில் நெகிழ்ந்து, தன் உயிருக்குயிரான பொம்மைப் படைவீரர்களைத் தீயில் போடச் சொல்கிறான். பிறகு பெட்டியில் அந்தக் கிட்டார் வடிவ ஓட்டையைப் பார்க்கும்போது அவன் முகம் போகும் போக்கை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, தொண்டையும் அடைக்கிறது.

ஏழாவது சீசனின் இரண்டாவது எபிசோடிலேயே ரிம்மரை அனுப்பிவிடுகிறார்கள். எட்டாவது சீசனில் மாண்டுபோன மாலுமிகள் எல்லோரையும் உயிர்ப்பித்துக் கப்பலை நிரப்பிவிடுகிறார்கள். முதலில் இருவரில் ஒருவன் இல்லை; அடுத்து, அந்த இருவரைச் சுற்றி ஊரே கூடிவிட்டது. கிராண்ட் விலகாமல் இருந்திருந்தாலும் இந்த இரண்டு முடிவுகளும் தொடரைச் சாய்த்திருக்கும் என்பது என் எண்ணம். என் கேள்வி இதுதான்: எழுத்தாளர் பிரிந்ததன் விளைவை நான் குறைத்து மதிப்பிடுகிறேனா? பத்தாவது சீசனிலிருந்து எனக்குக் கிடைத்த நிறைவு உண்மையானதா, அல்லது பழகிய முகங்களைத் திரும்பக் கண்ட மகிழ்ச்சி மட்டும்தானா?

பழைய நாடா:

உங்கள் வாதத்தில் பாதியை ஏற்கிறேன். ஆனால் அந்த அறை ஏழாவது சீசனில் காணாமல் போகவில்லை. 1993-இல், ஆறாவது சீசனில், கிராண்டும் நெய்லரும் சேர்ந்து எழுதிக்கொண்டிருந்தபோதே போய்விட்டது. ஆறாவது சீசன் தொடங்கும்போதே ரெட் ட்வார்ஃப் கப்பல் களவு போயிருக்கிறது. லிஸ்டர், ரிம்மர், பூனையினத்து கேட், இயந்திர மனிதன் கிரைட்டன் ஆகிய நால்வரும் ஸ்டார்பக்கில் அதைத் துரத்திக்கொண்டு போகிறார்கள். கணினி ஹாலி இல்லை. அதே சீசனின் ‘லீஜன்’ எபிசோடில் ரிம்மருக்குத் திட ஒளி உடல் கிடைத்து, தொட்டு உணரக் கூடியவனாகிவிடுகிறான். எதையும் தொட முடியாமை அவனுடைய பெருந்துயரமாக இருந்தது, எழுத்தாளர்களுக்கோ அதுவே பெரிய வசதியாகவும் இருந்தது. நீங்கள் சொன்ன ‘மரூன்ட்’ எபிசோடையே பாருங்கள்: குளிர் ரிம்மரை ஒன்றும் செய்யாது, தீயில் போட அவன் கையால் ஒரு காகிதத்தைக்கூட எடுத்துத் தர முடியாது. சொல்லால் மட்டுமே அவன் எதையும் கொடுக்கவோ மறுக்கவோ முடியும்.

அப்படியிருந்தும் ஆறாவது சீசன் தளரவில்லை. அதில் வந்த ‘கன்மென் ஆஃப் த அப்போகலிப்ஸ்’ சர்வதேச எம்மி விருது பெற்றது. ஆக, அறை போனபின்னும் ஒரு சீசன் முழுவதும் தாக்குப்பிடித்திருக்கிறது. அப்படியானால் 1997-இல் புதிதாக மாறியது என்ன என்றுதான் பார்க்க வேண்டும்.

என் கணிப்பில் அது படப்பிடிப்பு முறை. முதல் ஆறு சீசன்களும் பெரும்பாலும் அரங்கில் பார்வையாளர்களை உட்காரவைத்து எடுக்கப்பட்டவை. ஏழாவது சீசனில் பார்வையாளர்கள் இல்லை. ஒற்றைக் கேமராவில் திரைப்படம் போல எடுத்து, காட்சிக்கும் திரைப்படச் சாயல் ஏற்றி, முடித்த எபிசோடை ஒரு கூட்டத்துக்குத் திரையிட்டு அவர்களுடைய சிரிப்பைப் பதிவுசெய்து சேர்த்தார்கள். சிரிப்பு உண்மையானதுதான், ஆனால் அது நடிகர்களின் காதில் விழவில்லை. அரங்கில் சிரிப்பு எழும்போது தேர்ந்த நடிகர் அடுத்த சொல்லைக் கொஞ்சம் பிடித்துவைப்பார். அது அடங்கத் தொடங்கும் தருணத்தில் விடுவார். கிறிஸ் பாரியின் ரிம்மர் மூக்கை விடைத்துக்கொண்டு நிற்கும் அந்த நொடிகள் எல்லாம் இப்படிப் பிறந்தவை. ஏழாவது சீசனில் கேமரா அழகாக நகர்கிறது, ஒளியமைப்பு நன்றாக இருக்கிறது, வசனம் மட்டும் யாருக்காகவும் காத்திருக்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. ‘டிக்கா டு ரைட்’ எபிசோடின் முதல் பத்து நிமிடத்தை ஐந்தாவது சீசனின் எந்தப் பத்து நிமிடத்தோடும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். காதுக்கே வேறுபாடு தெரியும்.

சரக்குக்கப்பல்:

பழைய நாடா சொல்லும் நுட்பம் சரியானதே. ஆனால் அறையைப் பற்றி மேல்கட்டில் அவர்கள் எழுதியது என்னை நேராகத் தொட்டதால் அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் சரக்குக் கப்பலில் பயிற்சி மாலுமியாகச் சேர்ந்தபோது எங்களில் இரண்டிரண்டு பேருக்கு ஒரு கேபின். என்னோடு இருந்தவருக்கும் எனக்கும் ஒரு விஷயத்திலும் ஒத்துவராது. அவர் காலையில் காறித் துப்பும் ஓசையைக் கேட்டே எனக்கு அன்றைய நாள் கெட்டுவிடும். ஆனால் அவர் ஒப்பந்தம் முடிந்து இறங்கிப் போன இரவில், கீழ்க்கட்டில் காலியாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தத் தொடரை எழுதியவர்கள் அந்த உணர்வை அறிந்தவர்கள் என்று முதல் சீசனைப் பார்த்தபோதே நினைத்தேன்.

எட்டாவது சீசனுக்காகப் பேசுகிறவர்கள் எப்போதும் ஒன்றைச் சுட்டிக்காட்டுவார்கள்: அதில் லிஸ்டரும் ரிம்மரும் மீண்டும் ஒரே அறையில், இரட்டை அடுக்குக் கட்டிலில்தானே படுக்கிறார்கள், அது சிறை அறையாக இருந்தால் என்ன, பார்வையாளர்களும் அரங்குக்குத் திரும்பிவிட்டார்களே என்பார்கள். எல்லாம் திரும்பியது உண்மை, ஆனால் திரும்பியவன் வேறு ரிம்மர். இவன் நானோ ரோபோக்கள் புதிதாக உயிர்ப்பித்தவன். பனிக்கோளில் பொம்மை வீரர்களைத் தீயில் போடச் சொன்னவன் இவன் அல்ல. இரண்டாவது சீசனின் ‘தேங்க்ஸ் ஃபார் த மெமரி’யில், காதலையே அறியாத ரிம்மருக்குத் தன் காதல் நினைவு ஒன்றை லிஸ்டர் பரிசாகக் கொடுக்கிறானே, அந்தப் பரிசு தப்பாகிப்போய் இருவரும் அல்லாடுகிறார்களே, அதுவும் இவனுக்கு நடந்ததல்ல. லிஸ்டருக்கு மட்டும் அத்தனையும் நினைவிருக்கிறது. பல ஆண்டுகள் கூடவே இருந்தவன் எதிரே நிற்கிறான், ஆனால் உன்னோடு கழித்த நாள் ஒன்றுகூட அவனிடம் இல்லை. இதைவிடப் பெரிய கதை ஒரு நகைச்சுவைத் தொடருக்கு வாய்க்காது. எட்டு எபிசோடுகளில் அதை ஒரு முறைகூட நின்று பார்க்காமல், டைனோசரும் சிறைக் கூடைப்பந்தாட்டமுமாகப் பொழுதைப் போக்கிவிட்டார்கள் என்பதுதான் என் உண்மையான மனக்குறை.

பின்வரிசை:

ஏழாவது சீசனுக்காக ஒருவராவது பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன். அதில் லிஸ்டர் ஏங்கும் பெண்ணான கொசான்ஸ்கியாக வந்த க்ளோயி ஆனெட் மேல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பழி சுமத்திவருவது நியாயமில்லை. ரிம்மர் போன வெற்றிடத்தில் கொண்டுவந்து நிறுத்தப்பட்ட பாத்திரம் அது. கிரைட்டனின் பொறாமைக்கு இலக்காக நிற்பதைத் தவிர அவருக்குச் செய்ய ஒன்றும் கொடுக்கப்படவில்லை. அந்த வேடத்தில் எவரை நிறுத்தியிருந்தாலும் இதே வசைதான் விழுந்திருக்கும்.

மேலும், மேல்கட்டில் அவர்கள் சொல்லும் குறையை அந்த சீசனே உணர்ந்திருக்கிறது. ‘ப்ளூ’ எபிசோடை மறந்துவிட்டீர்களா? ரிம்மர் போனபின் லிஸ்டருக்கு அவன் நினைவாகவே இருக்கிறது, கனவில்கூட வருகிறான். ஏக்கத்தைத் தீர்ப்பதற்காகக் கிரைட்டன், ரிம்மரின் நாட்குறிப்புகளிலிருந்து அவன் பெருமையைப் பாடும் பொம்மைகளோடு ஒரு கேளிக்கைச் சவாரியையே உருவாக்கி, எல்லோரையும் அதில் ஏற்றுகிறான். ரிம்மரின் அளப்பைப் பொம்மைகள் பாட்டாகப் பாடக் கேட்டு லிஸ்டருக்குப் பழைய வெறுப்பு திரும்புகிறது, குணமாகிவிடுகிறான். பிரிவை இப்படி வெறுப்பால் ஆற்றுவது இந்தத் தொடருக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை. ‘ஸ்டோக் மீ எ கிளிப்பர்’ எபிசோடில், வேறொரு பிரபஞ்சத்து வீர ரிம்மரின் பட்டத்தை ஏற்று நம் ரிம்மர் புறப்படுவதும் நல்ல வழியனுப்பல்தான்.

எட்டாவது சீசனைப் பற்றி இன்னொன்று. 1999-இல் அதன் முதல் எபிசோடை 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். பிபிசி 2-க்கு அது மிகப் பெரிய எண்ணிக்கை. நாம் இன்று குறைசொல்லும் சீசன்தான் அன்று இந்தத் தொடருக்குப் பலரை முதன்முதலாக அழைத்துவந்தது. நானும் அப்படி வந்தவன். மற்றபடி, எரியும் கப்பலில் ரிம்மரைத் தனியாக விட்டுவிட்டுக் கதையை அந்தரத்தில் நிறுத்தியதையும், பத்து ஆண்டுகள் கழித்து டேவ் சேனலில் ‘பேக் டு எர்த்’ வந்தபோது அவர்கள் தப்பித்த விதத்தைச் சொல்லாமலே தொடங்கியதையும் நான் நியாயப்படுத்தவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பத்தாவது சீசனில் கிடைத்த நிறைவு பழக்கத்தால் வந்ததல்ல. 1988-இல் வந்த இரண்டாவது சீசனின் ‘பெட்டர் தன் லைஃப்’ எபிசோடில், தந்தை இறந்த செய்தி ரிம்மருக்குக் கடிதமாக வருகிறது. பல லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய மரணம் என்று தெரிந்தும் அவனால் தாங்க முடியவில்லை. ஏனென்றால் அவன் தந்தையிடம் ஒரு பாராட்டுகூட வாங்கியதில்லை. அந்த முடிச்சை 2012-இல், பத்தாவது சீசனின் கடைசி எபிசோடான ‘தி பிகினிங்’கில் அவிழ்க்கிறார்கள். தந்தை விட்டுச்சென்ற பதிவு, நீ என் மகனே அல்ல, தோட்டக்காரனின் மகன் என்று சொல்கிறது. உடைந்துபோக வேண்டிய ரிம்மர் நிமிர்கிறான். அதிகாரியாக ஆகவில்லையே என்று வாழ்நாளெல்லாம் குன்றியிருந்தவன், தோட்டக்காரனின் மகன் இவ்வளவு தூரம் வந்திருக்கிறானே என்று முதன்முறையாகத் தன்னை அளந்துபார்க்கிறான். எதிரிகள் சூழ்ந்து நிற்கும் அந்த வேளையில் திட்டம் வகுத்து எல்லோரையும் காப்பாற்றுகிறான். இதை டக் நெய்லர் தனியாக எழுதி, தானே இயக்கினார். கிராண்ட் இல்லாமல் நெய்லரால் முடியாது என்பவர்கள் இந்த ஒரு எபிசோடுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மேல்கட்டில்:

மூவருக்கும் நன்றி. பழைய நாடா சொன்னபடி ‘டிக்கா டு ரைட்’ எபிசோடையும் ஐந்தாவது சீசனின் ‘பேக் டு ரியாலிட்டி’யையும் நேற்றிரவு அடுத்தடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது உண்மை; நான் இடத்தின் குறை என்று நினைத்ததில் ஒரு பங்கு, நடிகர்களுக்குக் காத்திருக்க வாய்ப்பில்லாமல் போன குறை. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆறாவது சீசன் தாக்குப்பிடித்ததற்குக் காரணம், கப்பல் போனாலும் ரிம்மர் போகவில்லை என்பதே என்று இப்போது படுகிறது. ‘ப்ளூ’வை நான் மறக்கவில்லை, பின்வரிசை அவர்களே, ஆனால் அந்த எபிசோட் நன்றாக இருப்பதும் இல்லாத ரிம்மரைப் பற்றியது என்பதால்தானே?

சரக்குக்கப்பல் அவர்கள் எட்டாவது சீசனைப் பற்றிச் சொன்னதற்கு என்னிடம் மறுப்பே இல்லை. அவர் கேட்ட அந்தக் காட்சி, வேறொரு வடிவில், 2020-இன் ‘த ப்ராமிஸ்ட் லேண்ட்’ கதையில் வருகிறது என்று நினைக்கிறேன். தான் வெறும் மென்பொருள், உண்மையான ரிம்மர் என்றோ இறந்துவிட்டான் என்ற எண்ணம் ரிம்மரை வாட்டுகிறது. லிஸ்டர் அவனிடம் நிலவொளியைப் பற்றிப் பேசுகிறான். நிலவொளி என்று தனியாக ஒன்று கிடையாது, அது சூரியனின் ஒளி பட்டுத் திரும்புவதுதான், ஆனாலும் அது நம் கண்முன் இருக்கிறது, அழகாக இருக்கிறது என்கிற பொருளில் சொல்கிறான். கிரெய்க் சார்லஸ் அதைக் குரலை உயர்த்தாமல், எதிரே இருப்பவனை நேராகப் பார்த்துச் சொல்கிறார். கிறிஸ் பாரி நெடுநேரம் ஒன்றும் பேசுவதில்லை. முதல் சீசனில் இருபதுகளில் இருந்த இருவரும் இப்போது நரைத்தவர்கள். சுற்றிலும் வேறு யாருமில்லை.

அடுத்த சுற்றில் ‘மரூன்ட்’ முடிந்ததும், இடையில் எதையும் பார்க்காமல், நேராக இந்தக் காட்சிக்குப் போகப்போகிறேன்.