நனைந்த சாக் வழுக்குமா? (சவுத் டவுன்ஸில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் மட்டும் உள்ளே வரவும்)

அரைச்சங்கிலி:
நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போன வாரம் ஒரு தீர்ப்பு எழுதினார். பெயர் வேண்டாம், அவருக்கே தெரியும். தென் இங்கிலாந்தில், சாக் என்கிற மென்மையான வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள் மேல், வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 160 கிலோமீட்டர் ஓடும் சவுத் டவுன்ஸ் வே பாதை "வெள்ளையடித்த தார்ரோடு மாதிரிதான், மழையில் சாக் வழுக்கும் என்பது ஓட்டத் தெரியாதவன் சொல்லும் சாக்கு" என்றார். சிலேடை வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் அதற்கு மூன்று நாள் முன்புதான் பிக்னர் குன்றிலிருந்து ஆருன் ஆற்றுப் பக்கம் இறங்கும்போது விழுந்திருந்தேன். பிரேக்கை அழுத்தக்கூட இல்லை. முன்சக்கரம் ஒரு வண்டித்தடத்தின் விளிம்பில் ஏறியது, அப்படியே பக்கவாட்டில் போய்விட்டது. எழுந்து பார்த்தால் டயரின் பொட்டுகளுக்கு நடுவே இட்லி மாவு மாதிரி வெள்ளையாக அப்பியிருக்கிறது, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் சாய்ந்தவன் மாதிரி தோளிலிருந்து முழங்கால் வரை ஒரு பக்கம் முழுக்க வெள்ளை. இதுவா தார்ரோடு?

பெடல்_பெரியவர்:
அந்த ஒருவர் நான்தான், ஒளித்து மறைக்க ஒன்றுமில்லை. 22 வருஷமாக பிரைட்டனில் இருந்துகொண்டு இந்தக் குன்றுகளில் ஓட்டுகிறேன். சாக் என்பது தண்ணீரை உறிஞ்சிக் கீழே இறக்கிவிடும் பாறை. அதனால்தான் டவுன்ஸ் உச்சியில் ஓடை கிடையாது, அந்தக் காலத்தில் ஆடுகள் குடிக்கக் குட்டை வெட்டி அடியில் களிமண் மிதித்துப் பூசி வைத்தார்கள். தண்ணீரே நிற்காத இடத்தில் எப்படி ஐயா வழுக்கும்? உங்களை விழத்தட்டியது களிமண். சாக் வழுக்காது.

கமலி:
பெரியவரே, நான் லூயிஸில் இருக்கிறேன், கதவைத் திறந்தால் டவுன்ஸ். கீழே இறங்கிவிடும் தண்ணீர் இறங்கட்டும். மேலே குதிரைக் குளம்பும் டிராக்டரும் அரைத்து வைத்த மாவு இருக்கிறதே, அது எங்கே போகும்? அதன் மேல் தூறல் விழுந்தால் சோப்பு போட்ட குளியலறைத் தரைதான். தேய்ந்து மொழுமொழுவென்று ஆன இடத்தில் ஈரம் கண்ணுக்கே தெரியாது, அது இன்னும் மோசம். சாக் வழுக்கும்.

பெடல்_பெரியவர்:
மாவு வேறு, பாறை வேறு. சாக் வழுக்காது.

டூட்டிங்_தம்பி:
சண்டையைத் தீர்க்க வீட்டில் சோதனையே செய்துவிட்டேன். மகளின் கரும்பலகைச் சாக்பீஸை நனைத்துத் தேய்த்துப் பார்த்தேன். கையில் ஒட்டுகிறது, வழுக்கவில்லை. பெரியவருக்கு ஒரு ஓட்டு. அப்புறம், ஹோம்பரி குன்றில் ஜனவரி மழையில்கூட ஓட்டியிருக்கிறேன், அங்கே இருக்கும் சாக்கும் வழுக்கவில்லை.

கல்லுளிமங்கன்:
தம்பி, கரும்பலகைச் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம். ஹோம்பரி, பிட்ச், லீத் குன்றுகளில் இருப்பது சாக்கே கிடையாது, கிரீன்சாண்ட் என்கிற மணற்கல். அதனால்தான் சர்ரே ஹில்ஸ் காட்டுத் தடங்கள் குளிர்காலத்திலும் ஓரளவு தாங்குகின்றன. சாக் வேண்டுமென்றால் கொஞ்சம் வடக்கே பாக்ஸ் ஹில் போங்கள், 2012 ஒலிம்பிக் ரோடு ரேஸில் ஆண்கள் ஒன்பது முறை சுற்றினார்களே, அந்தக் குன்று.

பெரியவர் சொன்னதும் பாதி சரி. பல குன்றுகளின் தலையில் சாக்குக்கு மேலே சிக்கிமுக்கிக் கல் கலந்த களிமண் போர்வை மாதிரி கிடக்கிறது. சக்கரத்துக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே அடைத்துக்கொண்டு வண்டியையே நிறுத்துவது அதுதான். ஆனால் அதற்குக் கீழே சரிவில் வருவது வெறும் சாக். ஒரே ஒரு கேள்வி: நனைந்தது என்று எதைச் சொல்கிறீர்கள்? மழை பெய்துகொண்டிருக்கும்போதா, நின்று இரண்டு நாள் கழித்தா? அதை முடிவு செய்யாமல் பேசினால் விடிய விடியப் பேசலாம்.

பெடல்_பெரியவர்:
பார்த்தீர்களா, கல்லுளிமங்கனே சொல்லிவிட்டார், களிமண் என்று.

கமலி:
பாதி என்றுதானே சொன்னார்! கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

அரைச்சங்கிலி:
நான் விழுந்த இடத்தில் களிமண் ஒரு கைப்பிடிகூட இல்லை. வெள்ளை, முழுக்க வெள்ளை. போட்டோ போட்டிருக்கிறேன் பாருங்கள்.

பெடல்_பெரியவர்:
போட்டோ பார்த்தேன். பெரிதாக்கியும் பார்த்தேன். பின்னால் கம்பத்தில் இருப்பது மஞ்சள் அம்பு போல இருக்கிறதே? மஞ்சள் என்றால் நடைபாதை, நீலம் என்றால்தான் குதிரைப் பாதை. 1968 சட்டம் நமக்கு இடம் கொடுத்தது குதிரைப் பாதையில் மட்டும், அதிலும் நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும். ஓட்டக் கூடாத இடத்தில் ஓட்டி விழுந்துவிட்டுச் சாக்கைக் குறை சொல்வதா? இப்படிச் செய்பவர்களால்தான் காட்டுக்குள் கேட்டைப் பூட்டுகிறார்கள்.

அரைச்சங்கிலி:
அந்தக் கம்பம் ஒரு சந்திப்பு. மஞ்சள் அம்பு இடது பக்கம் காட்டுகிறது, நான் விழுந்து கிடப்பது நீல அம்புப் பாதையில். உங்கள் கண்ணுக்கு மஞ்சள் மட்டும்தான் தெரியுமா? காமாலையா?

கமலி:
அம்பைப் பற்றிப் பேசுகிறவரின் முகப்புப் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். செவன் சிஸ்டர்ஸ் பாறை விளிம்பு, பக்கத்தில் சைக்கிள். அது நடப்பவர்களுக்கான வழி ஆயிற்றே? சைக்கிளும் குதிரையும் ஆல்ஃப்ரிஸ்டனில் பிரிந்து ஜெவிங்டன் வழியாகத்தானே ஈஸ்ட்போர்ன் போக வேண்டும்?

பெடல்_பெரியவர்:
தள்ளிக்கொண்டு போனேன்.

கமலி:
ஹெல்மெட்டும் முழங்கைக் காப்பும் போட்டுக்கொண்டு தள்ளினீர்கள். சரி.

பெடல்_பெரியவர்:
தள்ளும்போது விழுந்தாலும் அடிபடும் அம்மா. விஷயத்தைத் திருப்பாதீர்கள். பட்சர் குன்று 270 மீட்டர், அதன் புல் சரிவில் ஏ3 சாலையை நோக்கி மழையில் எத்தனை தடவை இறங்கியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒரு தடவை விழுந்ததில்லை. டயர் காற்றைக் குறைத்து, எடையைக் கொஞ்சம் முன்னால் போட்டு, வண்டித்தடத்தைக் குறுக்கே வெட்டாமல் இறங்கினால் சாக் ஒன்றும் செய்யாது. இப்போது வருகிறவர்கள் ஐயாயிரம் பவுண்டுக்கு வண்டி வாங்குகிறார்கள், வளைவில் பார்வை எங்கே இருக்க வேண்டும் என்று தெரியவில்லை. சாக் வழுக்காது, ஆள்தான் வழுக்குகிறான்.

கல்லுளிமங்கன்:
பட்சர் சரிவில் நீங்கள் இறங்கியது புல் மேல். சாக் அதற்கு அடியில் இருக்கிறது.

பெடல்_பெரியவர்:
அடியில் இருந்தாலும் சாக் சாக்தான்.

டூட்டிங்_தம்பி:
நான் போன மாதம்தான் மின்சைக்கிள் வாங்கினேன், 250 வாட். அதில் போனால் வழுக்குவது குறையுமா?

பெடல்_பெரியவர்:
மோட்டார் வேண்டுமென்றால் மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கலாமே தம்பி.

கமலி:
அவரை ஏன் திட்டுகிறீர்கள்? பெடல் மிதித்தால் மட்டும் மோட்டார் உதவும், மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டுவிடும், அவ்வளவுதானே? சாதாரண சைக்கிள் போகும் எல்லா இடத்துக்கும் அதுவும் போகலாம். என் முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் டிட்ச்லிங் பீக்கன் ஏற எனக்கும் அதுதான் கதி. தம்பி, வழுக்குவது குறையாது, வண்டியின் எடையும் சேர்ந்து இழுக்கும். வேர்கள் இருக்கும் பீச் மரக்காட்டுக்குள் கவனமாகப் போங்கள், இலை மூடியிருந்தால் வேர் தெரியாது.

அரைச்சங்கிலி:
காடு என்றதும் ஞாபகம் வந்தது. பெரியவரே, மூன்று வருஷத்துக்கு முன் ஃபிரிஸ்டன் காட்டில் சிக்கிமுக்கிக் கல் உங்கள் டயரின் பக்கத்தைக் கத்தி மாதிரி கிழித்ததே. என் மாற்று டியூபைக் கொடுத்தேன். கிழிசலுக்கு உள்பக்கமாக ஒரு பிஸ்கட் உறையை மடித்து வைத்து அனுப்பியதும் நான்தான். அடுத்த வாரம் புது டியூப் தருவதாகச் சொன்னீர்கள். எந்த வருஷத்து அடுத்த வாரம்?

பெடல்_பெரியவர்:
சாக்கைப் பற்றிப் பேச முடியாதவர்கள் டியூபைப் பற்றிப் பேசுவார்கள்.

கல்லுளிமங்கன்:
என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நனைந்தது என்றால்?

கமலி:
நனைந்தது என்றால் நனைந்ததுதான், இதில் என்ன ஆராய்ச்சி.

பெடல்_பெரியவர்:
ஞாயிறு காலை 8 மணிக்கு சவுத்ஈஸ் ஸ்டேஷனுக்கு வாருங்கள். பாதை ஸ்டேஷன் வாசலிலேயே போகிறது. இட்ஃபோர்ட் குன்று ஏறி, ஃபர்ல் பீக்கன் தாண்டி, ஆல்ஃப்ரிஸ்டன் இறக்கம். முன்னால் நான் போகிறேன், பின்னால் இருந்து எல்லாரும் பாருங்கள். மழை வந்தாலும் நான் வருவேன்.

கமலி:
மழை வந்தால்தானே பெரியவரே வர வேண்டும்? வெயில் அடித்தால் அப்புறம் அதை ஆதாரமாகக் காட்டுவீர்கள்.

அரைச்சங்கிலி:
வருகிறேன். டியூபோடு வாருங்கள்.

பெடல்_பெரியவர்:
நீங்கள் கொடுத்தது 26 இஞ்ச் சக்கரத்துக்கான டியூப். இப்போது உங்கள் வண்டி 29. வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள்? சாக் வழுக்காது.