மறு: தொலைக்காட்சி நிகழ்ச்சியின் ‘சிக்லா’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

இத்தாலியப் பாடகி மீனாவைப் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ‘சிக்லா’ என்ற சொல்லில் இரண்டு நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கென்றே எழுதும் பாட்டு அது. 1966இல் ‘ஆரியா கொந்திட்சியொனாத்தா’ என்ற நிகழ்ச்சிக்காக மௌரிட்சியோ கொஸ்தான்சோவும் கீகோ தெ கியாராவும் வரிகள் எழுத, என்னியோ மொரிக்கோனே இசையமைக்க, மீனா பாடிய ‘சே தெலெஃபொனாந்தோ’ அப்படிப் பிறந்ததுதான். ‘டைட்டில் சாங்’ என்று எழுத மனம் வரவில்லை. உதவுங்கள்.
– செ.

அன்புள்ள செ. அவர்களுக்கு,

இதற்கு ஏன் வெளியே தேட வேண்டும்? நன்னூலின் முதல் நூற்பாவே கை கொடுக்கிறது: ‘முகவுரை பதிகம் அணிந்துரை நூன்முகம் புறவுரை தந்துரை புனைந்துரை பாயிரம்.’ நூலுக்கு முன் நிற்பது பாயிரம் என்றால், நிகழ்ச்சிக்கு முன் வருவது பாயிரப் பாட்டு. கடினம் என்பவர்கள் முகப்புப் பாடல் என்று சொல்லிக்கொள்ளட்டும்.
– ம.

ம. ஐயா, முகப்பு என்றால் ஒரு சிக்கல் வருகிறது. 1970இல் ‘கன்சொனிஸ்ஸிமா’ நிகழ்ச்சிக்கு ரஃபாயெல்லா கர்ரா பாடிய ‘மா கே மூசிகா மாயெஸ்த்ரோ’ தொடக்கத்தில் வந்தது, சரி. ஆனால் 1972இல் ‘தெயாத்ரோ தியெச்சி’க்கு மீனா பாடிய ‘பரோலே பரோலே’ நிகழ்ச்சி முடியும்போது வந்த பாட்டு. நடிகர் அல்பெர்த்தோ லூப்போ இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டே இருப்பார். மீனா ‘சொற்கள், வெறும் சொற்கள்’ என்று பாடித் தள்ளிவிடுவார். கதவைச் சாத்துகிற பாட்டை முகப்பு என்று எப்படி எழுதுவது? இரண்டுக்கும் இத்தாலியில் ஒரே சொல்தான்.
– செ.

சொல்லின் வேரைப் பார்த்துவிடலாமே. சிக்லா லத்தீனிலிருந்து வந்தது. பெயரை எழுத்தாகச் சுருக்கி எழுதுவதுதான் பழைய பொருள். அங்கே தொலைக்காட்சி நடத்தும் ராய் நிறுவனத்தின் பெயரே ஒரு சிக்லாதான். கோப்பில் இனிஷியல் போடுவதற்கும் இதே சொல்லிலிருந்துதான் வினை செய்திருக்கிறார்கள். நம் அரசு அலுவலகங்களில் அதற்குச் சுருக்கொப்பம் என்று அருமையான சொல் இருக்கிறது. ஆனால் ‘ஒப்பப் பாட்டு’ என்றால் காதில் ஒப்பாரி விழும். எனவே முத்திரைப் பாடல். தொடக்கத்திலும் குத்தலாம், முடிவிலும் குத்தலாம்.
– கு.

முத்திரையை விட்டுவிடுங்கள், கு. கச்சேரி கேட்கிறவர்களுக்கு முத்திரை என்றால் தீட்சிதரின் ‘குருகுஹ’. பாட்டை இயற்றியவர் தம் அடையாளமாகப் பாட்டுக்குள் வைக்கும் பெயர் அது. பாட்டுக்கே அந்தப் பெயரை வைத்தால் குழம்பும். அப்புறம், ‘சே தெலெஃபொனாந்தோ’வை ஒருமுறை கேளுங்கள். மார்செய் நகரத்துப் போலீஸ் சைரனிலிருந்து அந்த மெட்டு தோன்றியதாக மொரிக்கோனே சொல்லியிருக்கிறார். மூன்றே சுரங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அழுத்தம் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் வேறு சுரத்தில் விழும். அடுத்த அறையில் இருப்பவரையும் திரும்பிப் பார்க்க வைக்கும் மெட்டு. அழைப்புப் பாடல் என்பேன்.
– வ.

முடிவில் வருவது எப்படி அக்கா அழைப்பாகும்? எங்கள் ஈழத்துக் கூத்தில் வரவுப் பாட்டு உண்டு. ஆனால் அது பாத்திரத்துக்கு, கூத்துக்கு இல்லை. அடையாளப் பாடல் என்று எழுதினால் யாரும் அகராதியைத் தேட மாட்டார்கள்.
– ஜெ.

அடையாளம் என்றாலே அட்டை நினைவுக்கு வருகிறதே, தம்பி!

நேற்றிரவு வேறொன்று தோன்றியது. சம்பந்தர் தம் பதிகத்தின் கடைசிப் பாட்டில் தம் பெயரைப் பொறித்துவிடுவார். அதுதான் திருக்கடைக்காப்பு. முடிவும் அதுவே, கையொப்பமும் அதுவே. செ. கேட்கும் இரண்டு பொருளும் ஒரே சொல்லில் அடங்கியிருக்கின்றன. முடிவில் வரும் பாட்டு கடைக்காப்பு. முன்னால் வருவதைத் தலைக்காப்பு என்று புதிதாக ஆக்கிக்கொள்வோம்.
– ம.

ஐயா, சொல் அழகு. ஆனால் கடைக்காப்பில் பாடுவோர்க்குப் பயன் சொல்லும் மரபும் இருக்கிறது. காதலனின் பேச்சை நம்ப மறுக்கும் பாட்டுக்கு அதைச் சூட்ட எனக்குத் துணிவில்லை. காப்பு என்றதும் வாசகர் வளையலைத்தான் நினைப்பார்.
– கு.

எல்லாருக்கும் நன்றி. தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்தால் முத்திரைப் பாடலுக்கு ஐந்து பேர், அடையாளப் பாடலுக்கு மூன்று பேர். வ. அக்காவின் தடை நியாயமானது. ஆனால் இந்தக் கட்டுரையில் கீர்த்தனை எதுவும் வராததால் குழப்பம் இருக்காது. முதல் இடத்தில் ‘சிக்லா எனப்படும் முத்திரைப் பாடல்’ என்றும், பிறகு வெறும் முத்திரைப் பாடல் என்றும் எழுதி இன்றிரவு அனுப்புகிறேன்.
– செ.

அனுப்புங்கள், மகிழ்ச்சி. என் கருத்து மாறவில்லை. ‘பரோலே பரோலே’ வரும் அந்த ஓரிடத்திலாவது கடைக்காப்பு என்று போட்டுப் பார்க்கக் கூடாதா?
– ம.