புதுப்பிப்பு: ராத்திரி இரண்டு மணி முழிப்பு

ஏஆர்டி (எச்ஐவிக்குத் தினமும் போடுகிற மருந்து) மாத்திரை மாற்றியதிலிருந்து தூக்கமில்லை, திருப்பூரில் ஓவர்லாக் மிஷின் முன்னால் கண் சொருகுகிறது, வேலையை விட்டுவிடலாமா என்று போன மாதம் புலம்பியிருந்தேன்.

ஏஆர்டி மையத்தில் கவுன்சிலர் அக்கா முதலில் கேட்டதே, "எப்பங்க மாத்திரை போடறீங்க?" ராத்திரிதான். முன்பு பழைய மாத்திரையில் இருந்த எஃபாவிரென்ஸ் மருந்து தலைசுற்றும் என்று படுக்கும்போது போடச் சொன்னார்கள், அதே பழக்கத்தில் டொலுடெக்ராவிர் மருந்து உள்ள புது மாத்திரையையும் போட்டுவந்திருக்கிறேன், அது சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்குமாம். டாக்டர் காலைக்கு மாற்றினார். (நீங்களாக மாற்றாதீர்கள், கேட்டுவிட்டு மாற்றுங்கள்.) இப்போது ஐந்து மணி நேரமாவது தூங்குகிறேன்.

ஆனால் தூக்கம் கெட்டதற்கு மாத்திரை பாதிக் காரணம்தான், மீதி வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம். டப்பா குலுங்கிச் சத்தம் வரக்கூடாதென்று உள்ளே பஞ்சு அடைத்து வைத்திருக்கிற ஆள் நான். அதற்கு மனநலப் பிரிவுக்கும் அனுப்பினார்கள், இரண்டு தடவை போய்வந்தேன், பேசினால் கொஞ்சம் இறங்குகிறது. எச்ஐவி இருக்கிறதென்று பாகுபாடு காட்டி வேலையை விட்டு நீக்கக்கூடாது, கோர்ட் உத்தரவு இல்லாமல் அதை வெளியே சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவும் முடியாது என்று 2017 சட்டம் இருப்பதையும் அக்காதான் சொன்னார்.

அப்புறம், நைட் ஷிப்ட் வேண்டாமென்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். "சரிங்க, பாத்துக்கலாம்" என்றார். காரணம் கேட்கவில்லை.