முதல் சோப்பு வெட்டும்போதே உதிர்கிறது, மேலே வெள்ளைப் பொடி. காஸ்டிக் சோடா அதிகமாகிவிட்டதா?

புதுக்கை:
வணக்கம். கோல்டு ப்ராசஸ் முறையில் (அடுப்பில் காய்ச்சாமல் எண்ணெயையும் காஸ்டிக் சோடாக் கரைசலையும் கலந்து செய்வது) முதல் தடவையாக சோப்பு போட்டேன். மறுநாள் அச்சிலிருந்து எடுத்து வெட்டினால் ஓரமெல்லாம் பொலபொலவென்று உதிர்கிறது. மேற்பரப்பில் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது. வெட்டிய பக்கத்திலும் கடுகளவு வெள்ளைப் புள்ளிகள் அங்கங்கே தெரிகின்றன.

எடுத்துக்கொண்ட அளவு: தேங்காய் எண்ணெய் 100 கிராம், ஆலிவ் எண்ணெய் 350, விளக்கெண்ணெய் 50, காஸ்டிக் சோடா 75, தண்ணீர் 150. எல்லாமே டிஜிட்டல் தராசில் நிறுத்ததுதான். மூலக்குறிப்பில் தேங்காய் எண்ணெய் 250, ஆலிவ் 200 என்று இருந்தது. தேங்காய் எண்ணெய் போதாததால் ஆலிவை ஏற்றி, மொத்தம் அதே 500 கிராம் வரும்படி பார்த்துக்கொண்டேன். ட்ரேஸ், அதாவது கலவை கெட்டிப்படும் பதம், நன்றாகவே வந்தது.

இதைத் தேய்த்துக் குளிக்கலாமா, தூக்கிப் போட வேண்டுமா?

தராசுமுள்:
இப்போதைக்குக் குளிக்க வேண்டாம். தூக்கிப் போடவும் வேண்டாம், காப்பாற்றிவிடலாம்.

நீங்கள் அளவை இவ்வளவு தெளிவாகக் கொடுத்ததால் காரணம் உடனே பிடிபடுகிறது. மொத்த எண்ணெய் 500 கிராமாகவே இருந்தாலும், ஒவ்வொரு எண்ணெயும் கேட்கும் காஸ்டிக் சோடா வேறு. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறக்குறைய 0.183 கிராம் சோடா வேண்டும். ஆலிவுக்கு 0.135 போதும், விளக்கெண்ணெய்க்கு 0.128.

மூலக்குறிப்பைப் போட்டுப் பாருங்கள். 250 × 0.183 = 45.75. 200 × 0.135 = 27. 50 × 0.128 = 6.4. கூட்டினால் 79.15. அதில் 5 சதவீதத்தைக் குறைத்தால் 75 கிராம். அந்த 5 சதவீதக் குறைப்பைத்தான் சூப்பர்ஃபேட் என்கிறோம். கொஞ்சம் எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சி நிற்கும், தோலுக்கு அதுதான் பாதுகாப்பு.

இப்போது உங்களுடையது: 18.3 + 47.25 + 6.4 = 71.95. அதாவது எல்லா எண்ணெயும் தீர்ந்த பிறகும் சுமார் 3 கிராம் சோடா சேர ஆளில்லாமல் உள்ளே கிடக்கிறது. கேட்க 3 கிராம்தான், ஆனால் தோலை எரிக்க அது போதும். உதிர்வதற்கும் காரணம் அதுவாகத்தான் இருக்கும். சோடா மிஞ்சிய சோப்பு சாக்பீஸ் மாதிரி நொறுங்கும்.

எண்ணெயில் ஒன்றை மாற்றினாலும், ஒன்றின் அளவை 20 கிராம் கூட்டினாலும், கணக்கைத் திரும்பப் போட்டே ஆக வேண்டும். சோப்புக் கால்குலேட்டர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. நம்பகமான குறிப்பு என்றாலும் நான் அதில் ஒரு முறை போட்டுப் பார்க்காமல் சோடா டப்பாவைத் திறப்பதில்லை.

நுரைப்பூ:
வெள்ளையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மேலே படிந்திருக்கும் பொடி பெரும்பாலும் சோடா ஆஷ். இன்னும் சோப்பாகாத காரம் (காஸ்டிக் சோடா) காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து சோடியம் கார்பனேட்டாகப் படிவது அது. சரியான கணக்கில் போட்ட சோப்பிலும் வரும். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும், பார்க்க மட்டும்தான் அசிங்கம்.

உள்ளே இருக்கும் புள்ளிகள்தான் கவனிக்க வேண்டியவை. சோடா தண்ணீரில் முழுதாகக் கரைவதற்குள் ஊற்றிவிட்டால் இப்படி வரலாம். கரைசல் கண்ணாடி போலத் தெளியும் வரை பொறுங்கள். அடியில் ஒரு மணிகூட தட்டுப்படக் கூடாது.

புதுக்கை:
இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. கணக்கு இப்போது புரிகிறது. பிஎச் தாளை வைத்துப் பார்த்தேன், 10 பக்கம் காட்டியது. அதை நம்பலாமா?

தராசுமுள்:
அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. நல்ல சோப்பே 9-லிருந்து 10-க்குக் கொஞ்சம் மேல் வரை காட்டும். பழைய ஆட்கள் நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள்: ஈர விரலால் சோப்பைத் தேய்த்து, அந்த நுரையை நாக்கு நுனியில் லேசாகத் தொடுவது. பேட்டரியைத் தொட்டது போல சுரீரென்றால் காரம் மிச்சம். ஆனால் உங்களுக்குக் கணக்கே விடை சொல்லிவிட்டது, உள்ளே புள்ளிகளும் இருக்கின்றன. இந்த சோப்பில் அந்தச் சோதனை வேண்டாம்.

நேராக ரீபேட்ச் செய்யுங்கள், அதாவது சோப்பைத் துருவி, சூட்டில் இளக்கி, மறுபடி அச்சில் போடுங்கள். 75 கிராம் சோடாவுக்கு 5 சதவீத சூப்பர்ஃபேட் வர, எண்ணெய்கள் கேட்கும் சோடா மொத்தம் 79 கிராம் இருக்க வேண்டும். இப்போது இருப்பது 72. மீதி 7-ஐ 0.135-ஆல் வகுத்தால் சுமார் 52 கிராம் ஆலிவ் எண்ணெய். அதுதான் நீங்கள் சேர்க்க வேண்டியது.

கையுறை போட்டுக்கொண்டு சோப்பைத் துருவுங்கள். உதிர்ந்த தூளையும் விடாமல் சேருங்கள், காரம் அதிலும் இருக்கிறது. எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு, இரண்டு மூன்று மேசைக்கரண்டி தண்ணீரும் அந்த எண்ணெயும் விட்டு, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து மூடிவிடுங்கள். அடிக்கடி கிண்டினால் நுரைத்துக்கொண்டு மேலே வரும், எப்போதாவது புரட்டினால் போதும். மசித்த உருளைக்கிழங்குப் பதத்துக்கு வந்து, வெள்ளைத் துணுக்கு எதுவும் கண்ணில் படாதபோது அச்சில் அழுத்தி நிரப்புங்கள். மேல்பக்கம் மழமழவென்று வராது, அதற்காக வருத்தப்பட வேண்டாம். ஆறிய பிறகு வேண்டுமானால் நாக்குச் சோதனை செய்து பார்க்கலாம்.

கண்ணாடிக்காரர்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. புதிதாக ஆரம்பிப்பவர்கள் பலரும் பக்கத்தில் வினிகரை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். காஸ்டிக் சோடா தோலில் பட்டால் வினிகர் ஊற்றாதீர்கள். காரமும் அமிலமும் சேரும்போது இன்னும் சூடு கிளம்பும். ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். கண்ணில் தெறித்தால் கழுவிக்கொண்டே மருத்துவ உதவிக்கு ஆள் அனுப்புங்கள்.

சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரை சோடாவில் ஊற்றக் கூடாது. ஊற்றினால் சட்டென்று கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் பக்கமே போக வேண்டாம். சோடா அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும், அது எளிதில் தீப்பற்றும். அடைப்பு நீக்கும் பொடியை வாங்கி சோப்புப் போடுவதும் கூடாது. சிலவற்றில் அலுமினியத் துணுக்குகளே கலந்திருக்கும்.

பாதுகாப்புக் கண்ணாடியை ரீபேட்ச் செய்யும்போதும் கழற்றாதீர்கள். மிச்சக் காரம் இன்னும் அதில்தான் இருக்கிறது.

மழைத்துளி:
நானும் ஆரம்பிக்கலாம் என்றிருந்தேன், இதைப் படித்ததும் பயமாக இருக்கிறது. காஸ்டிக் சோடா இல்லாமலே சோப்பு செய்ய முடியாதா?

நுரைப்பூ:
முடியாது. எண்ணெய் சோப்பாக மாறக் காரம் வேண்டும். உருக்கி ஊற்றும் சோப்புக் கட்டியிலும் அந்த வேலையை வேறொருவர் முன்பே முடித்திருக்கிறார், அவ்வளவுதான். பயம் தெளியும் வரை அதில் கை பழக்கலாம், அதில் தவறே இல்லை. சரியான கணக்கில் செய்து பக்குவப்பட்ட சோப்பில் காஸ்டிக் சோடா மிஞ்சாது, எல்லாம் சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறியிருக்கும்.

புதுக்கை:
தராசுமுள் சொன்னபடியே ரீபேட்ச் முடித்தேன். பதம் வந்துவிட்டது, வெள்ளைத் துணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆறியதும் நாக்கிலும் பார்த்தேன், சுரீரென்ற உணர்ச்சி துளியும் இல்லை. சூட்டில் வைத்துச் செய்ததால் உடனே பயன்படுத்தலாமா, இதற்கும் காத்திருக்க வேண்டுமா?

தராசுமுள்:
ரொம்ப சந்தோஷம்! தோலுக்கு இப்போதே ஆபத்தில்லை. ஆனால் உள்ளே தண்ணீர் நிறைய இருக்கிறது, இப்போது எடுத்தால் சீக்கிரம் கொழகொழவென்று கரைந்துவிடும். அதிலும் ஆலிவ் அதிகமான சோப்பு நாள் ஆக ஆகத்தான் நன்றாக இருக்கும். ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு காற்றாட அடுக்கி, 4 முதல் 6 வாரம் விடுங்கள். ஒரு கட்டியை வாரம் ஒருமுறை நிறுத்து எடையைக் குறித்து வையுங்கள். எடை குறைவது நின்றதும் எடுத்துத் தேயுங்கள்.